ஐம்பதாயிரம் வெள்ளி மிச்சமா?



யோங் பெங் ஊரைத் தெரியாத நெடுந்தூரப் பயணிகள் குறைவு. ஜோகூர் பாருவுக்குப் போகும் பேருந்துகள் இளைப்பாறிச் செல்லும் ஊர் அது. அதன் அருகே ஓடும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஒப்பந்தக் காலத்துக்கு 15 மாதம் முன்னதாகவே வேலை முடிந்தது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால், தொடக்கத்தில் சுமார் 340 கோடி வெள்ளி என்று போடப்பட்ட மதிப்பீடு, முடிவில் ஏறக்குறைய 600 கோடியைத் தொட்டது. காலத்தில் வெற்றி; செலவில்? ஒரு பாடத்தில் தேறியவர் மற்றப் பாடத்திலும் தேறிவிட்டதாகக் கொள்ள முடியுமா?

இது பெரிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. யோங் பெங் போன்ற ஓர் ஊரில் ஆலயத்துக்கு மண்டபம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் 5 லட்சம் வெள்ளி, காலம் 10 மாதம். ஐந்தாம் மாத முடிவில் கணக்குப் பார்க்கிறது நிர்வாகம். திட்டப்படி இரண்டரை லட்சம் செலவாகியிருக்க வேண்டும். ஆனதோ 2 லட்சம்தான். "ஐம்பதாயிரம் மிச்சம்!" என்று பொதுக்கூட்டத்தில் அறிவிப்பார்கள். கைத்தட்டலும் கிடைக்கும்.

உண்மையில் அது மிச்சம்தானா? எழும்பி நிற்பது எவ்வளவு என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? அடித்தளம், தூண்கள், பாதிச் சுவர். ஒப்பந்த விலைப்பட்டியல்படி அவற்றின் மதிப்பு ஒன்றரை லட்சம்தான் என்றால், நடந்திருக்க வேண்டிய வேலையில் 60 விழுக்காடே நடந்திருக்கிறது. கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் 75 காசு வேலைதான் கிடைத்திருக்கிறது. இதே போக்கில் போனால் மண்டபம் முடிய 6 லட்சத்து 67 ஆயிரம் வெள்ளி வேண்டும். பாதி வழியில் மீண்டும் நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏற வேண்டிய நிலை!

முடிந்த வேலையின் மதிப்பை நடுவே வைத்து, காலத்தையும் செலவையும் அதனோடு ஒப்பிடும் இந்த முறையை அமெரிக்கத் தற்காப்புத் துறை 1967-இல் தன் பெரிய ஒப்பந்தங்களுக்குக் கட்டாயமாக்கியது. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்; கணினிகூட வேண்டியதில்லை.

ஆனால் அளப்பவர் நேர்மையாக அளக்க வேண்டும். "தொண்ணூறு விழுக்காடு முடிந்துவிட்டது" என்ற சொல்லை மூன்று மாதம் தொடர்ந்து கேட்காத நிர்வாகம் உண்டா? சில குத்தகையாளர்கள் மண்வேலை, அடித்தள வேலைக்கு விலையை ஏற்றிப் போட்டு, கூரைக்கும் பூச்சுக்கும் குறைத்துப் போடுவார்கள். முதல் மாதங்களில் எல்லாம் நலமாகத் தெரியும். பணமும் முன்னதாகவே கைமாறிவிடும். பிறகு கூரை போட ஆள் வராது.

காலக் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மண்டபம் ஓராண்டு தாமதமாக முடிந்தாலும், முடிந்த நாளில் நடந்த வேலையும் நடக்க வேண்டிய வேலையும் சமமாகி, கணக்கு நூற்றுக்கு நூறு காட்டும். ஆகவே கடைசி மாதங்களில் அந்த விழுக்காட்டை விட்டுவிட்டு நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும், எந்தத் தேதியில் முடிந்தது என்பதைத் தேதி தேதியாக எழுதி, பணம் கேட்டு வரும் ஒவ்வொரு பில்லோடும் இணைத்துத் தரும்படி குத்தகையாளரிடம் முதல் நாளே ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.