ஐ.பி. முகவரி: அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும்

(நெல்லிவாசல்நாட்டில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரர் நடுங்கியபடி நம் அலுவலகத்துக்கு வந்தார். வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர், "உன் ஐ.பி. முகவரியிலிருந்து குற்றம் நடந்திருக்கிறது. உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். பணம் கட்டினால் விடுவோம்" என்றாராம். "ஐ.பி. முகவரின்னா என்னங்க?" என்றுதான் அவர் என்னிடம் முதலில் கேட்டார். நமக்கு அது தெரியாது என்பதுதான் மோசடிக்காரருக்கு முதலீடு.

கடிதம் வந்து சேர முகவரி வேண்டும் அல்லவா? அதுபோல, நாம் செல்போனில் ஒரு படத்தைக் கேட்டால் அது நம்மிடம் வந்து சேர ஓர் எண் வேண்டும். அதுதான் ஐ.பி. முகவரி. பழைய முறையில் நான்கு எண்கள், நடுவே புள்ளிகள்; ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை. மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகத்துக்கு அது போதவில்லை. அதனால் செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அதுவும் அடிக்கடி மாறும். இந்தப் பற்றாக்குறை தீரவே ஐபிவி6 என்ற புதிய முறை வந்திருக்கிறது.

ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து உங்கள் பெயரையோ வீட்டையோ யாரும் சொல்லிவிட முடியாது. மலையில் இருப்பவரைச் சென்னையில் இருப்பதாகக்கூட அது காட்டலாம். எந்த நேரத்தில் எந்த இணைப்புக்கு அது தரப்பட்டது என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும். காவல்துறை அதைச் சட்டப்படி கேட்டுப் பெறும். வீடியோ காலில் பணம் கேட்காது.

இளைஞர்களே! சிக்னல் கிடைக்காதவருக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பது நல்ல உதவிதான். ஆனால் அவர் செய்வதெல்லாம் வெளியே உங்கள் இணைப்பின் கணக்கில்தான் தெரியும். தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள், பாஸ்வேர்டு வையுங்கள். உங்கள் பெயரில் சிம் வாங்கிப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். நம் பெயரும் நம்மிடம் உள்ள அமானிதமே.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவும் இல்லை. அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரர் பணம் கட்டவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கட்டுவதற்கு முன் ஒருவரிடம் வந்து கேட்டார். அதுதான் அவரைக் காத்தது. வந்த செய்தியைத் தீர விசாரிப்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பாடம். எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவரின் உழைப்பையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.