லீத் துறைமுகத்துப் பண்டசாலை

வேலை ஓய்ந்தபின் மனிதனுக்கு என்ன பயன் என்னும் கேள்வி, என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியர்களை எளிதில் விடுவதில்லை. கட்டடங்களைப் பற்றியும் அதே கேள்வி எழுகிறது. அதற்கு ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

அந்நாட்டுத் தலைநகரான எடின்பரோவுக்குக் கடல்வாயிலாக விளங்குவது லீத் துறைமுகம். பிரான்சு நாட்டுத் திராட்சை மதுவும், பால்டிக் கரை மரமும் அங்கே வந்திறங்கின. துறைக்கு அருகே ஒரு சந்தில் நிற்கிறது லாம்ப் மாளிகை. அது 1610ஆம் ஆண்டையொட்டி எழுந்தது என்பர். வணிகனுக்கு வீடும் பண்டசாலையும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன.

சுவர்கள் தடித்த கற்சுவர்கள், மேலே காரைப்பூச்சு. செங்குத்தாகச் சரியும் கூரையில் செவ்வோடுகள். முகட்டுச் சுவரின் விளிம்புகள் படிப்படியாக மேலேறும். அந்நாட்டார் அவற்றைக் காக்கைப்படி என்பர். சன்னல்களின் மேற்பாதியில் ஈயச் சட்டத்துள் பதித்த சிறு கண்ணாடிகள், கீழ்ப்பாதியில் மரக்கதவுகள். வெளிச்சத்துக்கு மேற்பாதி, காற்றுக்குக் கீழ்ப்பாதி. கண்ணாடி அருமையாயிருந்த காலத்துச் சிக்கனம் அது.

1561ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து திரும்பிய மேரி அரசியார் இவ்வீட்டில் இளைப்பாறினார் என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். அரசியார் லீத்தில் இறங்கியது உண்மை. ஆனால் இன்று நாம் காணும் கட்டடம் அதற்குப் பிற்பட்டது. சரித்திரம் கற்பித்தவன் இதை மறைத்தல் தகாது. அரசியார் காலடி படாமற்போனாலும் கட்டடத்தின் பெருமை குறைவதில்லை.

பின்னாளில் வணிகர் அகன்றனர். அறைகள் தடுக்கப்பட்டு ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடமாயிற்று, வீடு சிதைந்தது. 1938இல் புயூட் பிரபு அதை வாங்கியதால் இடிபாடு தவிர்ந்தது. 1958இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. ராபர்ட் ஹர்ட் என்னும் கட்டடக் கலைஞரின் நிறுவனம் அதைச் செப்பனிட்டு, 1961இல் முதியோர் பகற்பொழுதைக் கழிக்கும் நிலையமாக்கியது. மூட்டைகள் கிடந்த வீட்டில் முதியோர் அமர்ந்து உரையாடினர்! அப்பணியும் முடிந்தபின், 2010இல் குரோவ்ஸ்-ரெயின்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அதை வாங்கிப் புதுப்பித்தனர். வீடாகவும் அலுவலகமாகவும் அது மீண்டும் உயிர் பெற்றது. வாழ்வும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. முதல் வணிகன் திரும்பி வந்தால் வியப்படையமாட்டான்.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியில் பழைய ஓட்டுக்கூடம் ஒன்று இருந்தது. அதில் வகுப்புகள் நடப்பது நின்றதும், இடிக்கலாம் என்று கையெழுத்திட்டவன் நானே. வேறெதற்கு உதவும் என்று எவரும் வினவவில்லை, நானும் வினவவில்லை. இரண்டே நாளில் அது மண்மேடாயிற்று.

பூட்டி வைப்பதால் மட்டும் கட்டடம் பிழைப்பதில்லை. அதன் இயல்புக்கு ஏற்ற வேலையை அளித்தால் பிழைக்கும். உங்கள் ஊரிலும் ஓய்ந்துபோன கட்டடம் ஒன்று இருக்கும். கடப்பாரையை எடுக்குமுன், அதற்குத் தகுந்த வேலை உண்டா என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதுதான்.