பிரஷர் பார்க்கும் முன் கொஞ்சம் உட்காருங்கள்

பென்னாகரம் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவராக இருக்கிறேன். ரத்த அழுத்தம் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரணங்களை அடுக்கினால் நேரம் போய்விடும். எனக்குப் பிடித்த இடத்துக்கே வந்துவிடுகிறேன்: பிரஷரைச் சரியாகப் பார்ப்பது.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீ, ஒரு பீடி, அப்புறம் வேகு வேகென்று நடை. "சீக்கிரம் பாருங்க டாக்டர், திரும்ப பஸ் இருக்கு" என்று முழுக்கைச் சட்டையோடு கையை நீட்டினார். அவருக்குக் காட்டவே அப்படியே பார்த்தேன். 160/96. "ஐயோ!" என்றார். "அரை மணி நேரம் பெஞ்சில் இருங்க" என்றேன். பிறகு நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, சட்டைக் கையை விலக்கி, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் மழை பெய்யாத கதையை ஆரம்பித்தார். பேசினாலும் ஏறும் என்று நிறுத்தினேன். 138/86!

ஆகவே, ஒருமுறை 140/90-ஐத் தாண்டினால் பதற வேண்டாம். இன்னொரு நாளும் அப்படியே இருந்தால் அது ரத்த அழுத்த நோய்தான். ஆனால் நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் காத்திருக்காதீர்கள், உடனே 108.

தலைசுற்றினால்தான் பிரஷர் என்று இருக்கிறீர்களா, அம்மா? பெரும்பாலும் அது எந்த அறிகுறியும் காட்டாது.

இன்னொன்று. "நார்மல்னு சொன்னீங்களே, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பார்கள். நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தானே! மாத்திரைக்காக அலையவும் வேண்டாம். 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. அதனால் மாத்திரை இப்போது வீடு தேடி வருகிறது.

உப்பு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். களியால் கெடுதல் இல்லை; தொட்டுக்கொள்ளும் ஊறுகாயையும் கருவாட்டையும் குறையுங்கள்.

மணி ஆகிவிட்டது. 30 வயது தாண்டிய எல்லோரும் இந்த வாரமே பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய், உட்கார்ந்து, பேசாமல் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை தந்தால் உங்களாக நிறுத்தாதீர்கள்.