ஈஸ்டர் நாள் ஏன் மாறுகிறது?



நான் சிறுவனாக இருந்தபோது, கிறித்தவரான என் தந்தையார் பெரிய வெள்ளிக்கிழமைக்கு விடுப்புக் கேட்டார். “போன வருடம் மார்ச்சில் கேட்டாய், இந்த வருடம் ஏப்ரலில் கேட்கிறாய். உன் பண்டிகைக்கு ஒரு தேதி கிடையாதா?” என்று கூறித் தோட்டத்துக் கிராணியார் மறுத்துவிட்டார். பொய் சொல்லி விடுப்புக் கேட்டவர் என்ற பழியும் தந்தையாருக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு விளக்கம் கூறத் தெரியவில்லை. அந்த விளக்கத்தையே இன்று கூற விழைகின்றேன்.

ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பாஸ்கா விழாக் காலத்தில். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த தம் முன்னோர் விடுதலை பெற்றதை யூதர்கள் நினைவுகூரும் அவ்விழா முழுநிலவையொட்டி வருவது. மூன்றாம் நாளாகிய ஞாயிறன்று ஏசுநாதர் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவர்தம் நம்பிக்கை. ஆகவே ஈஸ்டருக்கு நிலவும் வேண்டும், ஞாயிறும் வேண்டும்.

தொடக்கத்தில் இடத்திற்கு இடம் நாள் வேறுபட்டது. கி.பி. 325இல் நைசியா நகரில் கூடிய ஆயர்கள், அனைவரும் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டுமென முடிவு செய்தனர். வடபுலத்தில் இளவேனில் பிறக்கும் மார்ச் 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ, திருச்சபைக் கணக்குப்படி வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பது நிலைபெற்றது. எனவே அது மார்ச் 22க்கு முந்தாது. ஏப்ரல் 25ஐத் தாண்டாது. 2024இல் மார்ச் 31. 2025இல் ஏப்ரல் 20. தைப்பூசம் மட்டும் ஆண்டுதோறும் ஒரே தேதியிலா வருகிறது?

இனி, ஈஸ்டர் முட்டை. முற்காலத்தில் ஐரோப்பியர் நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினர். கோழிக்கு நோன்பு ஏது? அது இட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்த முட்டைகளை அவித்துச் சாயமிட்டுத் திருநாளன்று பகிர்ந்துகொண்டனர். 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 450 முட்டைகளுக்குச் செய்த செலவு அரண்மனைக் கணக்கில் உள்ளது. கிரேக்கர்கள் சிவப்புச் சாயமே இடுவர். அது கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிக்கும். முயல் பொம்மையோ செருமானியர் வழக்கிலிருந்து பரவியது; வேதாகமத்தில் அதற்கு இடமில்லை.

மறு ஆண்டு, பங்குக் குருவானவர் அடுத்த பத்து ஆண்டுகளின் ஈஸ்டர் தேதிகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். தந்தையார் அதைக் கிராணியாரிடம் கொடுத்தார். அவர் நாட்காட்டியில் முழுநிலவுக் குறியைத் தேடி, விரல்விட்டு ஞாயிறு வரை எண்ணிப் பார்த்தார். பிறகு அத்தாளை அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தார்.