விழியினுள்ளே ஒரு துளிச் சாயம்



கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை உரித்தெடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? கண் வைத்தியர்கள் இக்கேள்விக்கு விடை தேடியபோது அவர்களுக்குத் துணையாய் வந்தவை சாயங்கள். அச்சாயங்கள் கண்ணுக்கு நன்மையை மட்டுமே செய்தனவா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

விழியின் பின்சுவரிலே படிந்திருப்பது விழித்திரை. அதன் நடுவே மஞ்சட் பொட்டு என்னும் சிறு பகுதி உண்டு. எழுத்தை வாசிப்பதும் எதிரில் நிற்பவரின் முகத்தை அறிவதும் அதனாலேதான். முதுமையில் சிலருக்கு அப்பொட்டின் நடுவில் நுண்ணிய துவாரம் ஒன்று விழுகிறது. பார்க்கும் பொருளின் நடுப்பகுதி மறைந்துபோகிறது. நெடுங்காலம் இதற்குப் பரிகாரம் இல்லையென்றே கருதப்பட்டது. 1991ஆம் ஆண்டில் கெலி, வெண்டெல் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், கண்ணை நிரப்பி நிற்கும் கூழ்போன்ற பொருளை அகற்றி, அவ்விடத்தில் வாயுவைச் செலுத்தித் துவாரத்தை மூடச் செய்யலாம் எனக் காட்டினர்.

விழித்திரையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மென்சவ்வையும் உரித்துவிட்டால் துவாரம் மூடுவது மேலும் உறுதியாகிறது. ஆனால் அச்சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் ஏறக்குறைய 3 கூறுதான். நிறமோ இல்லை. இடுக்கி சற்றே ஆழமாய் இறங்கினால் விழித்திரையே கிழியும். ஆதலால் 2000ஆம் ஆண்டளவில் சத்திரவைத்தியர்கள் இந்தோசயனின் பச்சை என்னும் சாயத்தைக் கையிலெடுத்தனர். அது சவ்வைப் பச்சையாக்கிக் காட்டியது. புதிய பொருளுமன்று, இருதயத்தையும் ஈரலையும் சோதிப்பதற்காக 1950களின் பிற்பகுதியிலிருந்தே நாளத்தில் ஏற்றப்பட்டு வந்தது. நாற்பது ஆண்டுகள் உடலுக்குள் சென்று பழகிய மருந்து கண்ணுக்கும் ஒத்துக்கொள்ளும் என எண்ணியது இயல்பே.

ஆயின் சில ஆண்டுகளிலேயே கவலைதரும் செய்திகள் வெளிவந்தன. துவாரம் மூடியது, சத்திரசிகிச்சை வெற்றி. ஆயினும் நோயாளருட் சிலருக்குப் பக்கப்பார்வையில் ஒரு பகுதி குன்றியிருந்தது. வேறு சிலருக்கு, விழித்திரையின் கீழே அதற்கு ஊட்டமளித்து நிற்கும் நிறக்கலங்கள் சிதைந்திருந்தன. மனிதனில் அக்கலங்கள் இறந்தால் புதியன தோன்றி அவ்விடத்தை நிரப்புவதில்லை என்றே சொல்லலாம்.

காரணம் என்ன? குருதியிற் கலக்கும் சாயத்தை அங்குள்ள புரதங்கள் உடனே பற்றிக்கொள்கின்றன. ஈரல் சில நிமிடங்களிலேயே அதைப் பிரித்துப் பித்தத்தோடு வெளியேற்றுகிறது. கண்ணினுள்ளே அந்தக் காவலும் இல்லை, அந்தக் கழிவு வழியும் இல்லை. சாயத்தின் எச்சம் பல வாரங்களின் பின்னும் விழித்திரையிற் காணப்பட்டதுண்டு. மேலும், துவாரத்தின் ஊடாகச் சாயம் நேரே நிறக்கலங்களின்மேல் விழுகிறது. அது உப்புக் கரைசலில் எளிதிற் கரையாமையால் தூயநீரிற் கரைக்கப்பட்டது. உப்பற்ற நீர் கலங்களினுட் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும். சாயம் படிந்த கலங்கள்மீது சத்திரசிகிச்சை விளக்கின் ஒளியும் விழுந்தால் தீங்கு மிகும் என்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின.

இதன்பின் வைத்தியர்கள் எச்சரிக்கையாயினர். சாயத்தின் செறிவைக் குறைத்தனர். சில விநாடிகளிலே கழுவி அகற்றினர். விளக்கை விலக்கிப் பிடித்தனர். நோயாளியின் சொந்தக் குருதியில் ஒரு துளியைத் துவாரத்தின்மேல் இட்டு மூடிய பின்னரே சாயத்தைச் செலுத்தியவரும் உளர்.

2006ஆம் ஆண்டில் யப்பானின் கியூசு பல்கலைக்கழகத்தார் பிரில்லியன்ற் நீலம் என்னும் சாயத்தை அறிமுகப்படுத்தினர். கம்பளிக்கு நிறமூட்டப் பிறந்து, ஆய்வுகூடத்திற் புரதத்தை அளக்கப் பயன்பட்ட சாயம் அது. அவர்கள் முதலில் எலிகளின் கண்ணிலும் குரங்குகளின் கண்ணிலும் சோதித்த பின்னரே மனிதரிடம் வந்தனர். 1 மில்லிலீற்றரில் 0.25 மில்லிகிராம் என்ற சிற்றளவே சவ்வை நிறப்படுத்தப் போதுமானது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்க அரசும் அதற்கு அனுமதி வழங்கியது. ஆயினும் அதுவும் விழித்திரையின் கீழே கசிந்து தங்கினால் ஊறு விளைவிக்கக்கூடும்.

ஓரிடத்தில் நன்மை செய்யும் பொருள் மற்றோரிடத்திலும் நன்மையே செய்யுமென நம்பிவிடலாகாது. எந்த உறுப்பு, எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் என்னும் மூன்றையும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே கேட்டாக வேண்டும். துவாரம் மூடியதா என்பதோடு வைத்தியரின் வினா முடிந்துவிடுவதில்லை. நோயாளி இப்போது எவ்வளவு பார்க்கிறார் என்பதே இறுதி வினா.