தேவரியா தால்



உத்தராகண்ட் மாநிலத்தில் சாரி என்று ஒரு சின்ன மலைக்கிராமம். அங்கிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் தூரம், கற்கள் பதித்த ஏற்றப் பாதை. இருபுறமும் ஓக் மரங்கள், புராஞ்ச் மரங்கள். வசந்த காலத்தில் புராஞ்ச் செக்கச்செவேலென்று பூத்துக் கிடக்கும். அந்த வழியே ஏறினால், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி. பெயர் தேவரியா தால்.

விடியற்காலையில் போக வேண்டும். வெயில் ஏறி மலைக்காற்று கிளம்புவதற்கு முன் தண்ணீர் அசையாமல் நிற்கும். 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா பனிச்சிகரம் அதில் முழுசாகத் தெரியும்.

பாண்டவர்களை யட்சன் கேள்வி கேட்ட பொய்கை இதுதான் என்பது அந்த ஊர் மக்களின் நம்பிக்கை. மகாபாரதம் சொல்லும் கதைதான். தாகத்தோடு வந்த தம்பிகள் நால்வரும் எச்சரிக்கைக் குரலை மதிக்காமல் நீரைக் குடித்தார்கள், விழுந்தார்கள். தருமர் மட்டும் நின்று, கேட்டு, பதில் சொன்னார். தம்பிகளை மீட்டார்.

காட்டுக்குள் போகிற நமக்கும் அதுவே பாடம். பாட்டுப்பெட்டியை அணைத்துவிடுங்கள், பறவைகள் பேசட்டும். வனத்துறை சொல்லும் விதியைக் கேளுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்தத் தண்ணீருக்கு நாம் விருந்தாளிகள். சொந்தக்காரர்கள் அந்தக் காட்டு உயிர்கள்.