ஆறு ஆட்டத்துக்கு ஒரு கணக்கு

ஆகஸ்டில் இங்கிலாந்துப் பிரிமியர் லீக் தொடங்கிவிட்டால், நம் ஊர்க் காப்பிக்கடைகளில் சனிக்கிழமை இரவுப் பேச்சு ஒன்றுதான்: இந்த முறை கிண்ணம் யாருக்கு? மே மாதத்தில் தூக்கப்போகும் கிண்ணத்தைப் பற்றி ரசிகர் ஆகஸ்டிலேயே பேசலாம். காசா, பணமா! ஆனால் பயிற்றுநர்கள் பலர் உடைமாற்றும் அறையில் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. அடுத்த ஐந்தாறு ஆட்டங்களில் எத்தனை புள்ளி என்பதே அங்கே கேள்வி.

ஏன் இப்படி? மொத்தம் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்ப 40 புள்ளி வேண்டும் என்பது அங்கே பழகிப்போன கணக்கு. அதை ஆறு ஆறு ஆட்டங்களாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பகுதிக்கு 6 அல்லது 7 புள்ளிதான் வருகிறது. இரண்டு வெற்றி, ஒரு சமநிலை போதும். மற்ற மூன்றில் தோற்றாலும் கணக்கு உதைக்காது. அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்று, ரசிகர்களின் ஏச்சைக் காதில் வாங்கிக்கொண்டே பேருந்தில் ஏறும் இளம் ஆட்டக்காரருக்கு இது சின்ன ஆறுதலா? பட்டியலில் அவர் குழு கடைசி இடம். பயிற்றுநர் கையிலுள்ள தாளிலோ இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி.

உடற்பயிற்சியில் இந்த வழக்கம் இன்னும் பழையது. ஆண்டைப் பெரிய, சிறிய சுற்றுகளாகப் பிரித்துப் பயிற்சியைக் கூட்டிக் குறைக்கும் முறையை 1960-களில் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் வகுத்துத் தந்தார். அனைத்துலக ஆட்டங்களுக்காக லீக் நிற்கும் வாரங்களும் பருவத்தைத் தாமாகவே துண்டு போட்டுவிடுகின்றன.

லெஸ்டர் சிட்டியைப் பாருங்கள். 2014-15 பருவத்தில் 29 ஆட்டங்கள் முடிந்தபோது அதன் கையில் இருந்தவை 19 புள்ளிகள். கடைசி இடம். மிச்சம் ஒன்பதே ஆட்டங்கள். அவற்றில் ஏழை வென்று, ஒன்றில் சமநிலை கண்டு, 22 புள்ளிகளை அள்ளியது அந்தக் குழு. 41 புள்ளியோடு தப்பியது. அடுத்த பருவத்துக்கு வந்த பயிற்றுநர் கிளோடியோ ரனியேரி, குழு மேலே ஏறிக்கொண்டிருந்தபோதும் கிண்ணம் என்று வாய் திறக்கவில்லை. 40 புள்ளி, 40 புள்ளி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள்ளும் இன்னொரு சின்ன இலக்கு: கோல் விடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் எல்லாருக்கும் பீட்சா! கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பீட்சா ஆசை காட்டியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். 2015 அக்டோபரில் கிரிஸ்டல் பேலசை 1-0 என வென்றதும் பீட்சா கிடைத்தது. 20 ஆட்டங்களில் 40 புள்ளி வந்தது. 2016 மே மாதம் கிண்ணமும் வந்தது.

ஆனால் பட்டியல் யாருக்காகவும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. ஒரு பகுதியில் விட்ட புள்ளி கடனாகக் கூடவே வரும். இன்னொன்று, 38-ஐ ஆறால் வகுத்தால் மீதி இரண்டு. எந்தப் பகுதியிலும் சேராத அந்த இரண்டு ஆட்டங்களில் ஒரு குழுவின் தலையெழுத்தே மாறிவிடுவது உண்டு.

2004-05 பருவத்தில் வெஸ்ட் புரோம்விச் அல்பியன் கிறிஸ்துமஸ் நேரத்தில் கடைசி இடத்தில் இருந்தது. கடைசி ஆட்டம் தொடங்கும்போதும் கடைசி இடம்தான். 2005 மே 15-இல் சொந்தத் திடலில் போர்ட்ஸ்மவுத்தை 2-0 என்று வென்றது. அதே வேளையில் சவுத்ஹேம்டன் தோற்றது, நாரிச் ஆறு கோல் வாங்கியது, கிரிஸ்டல் பேலஸ் 2-2 என்று சமநிலை கண்டது. மூன்றும் கீழே போயின. 34 புள்ளியோடு வெஸ்ட் புரோம் தப்பியது. அந்தப் பருவம் முழுவதும் அது வென்றவை ஆறே ஆட்டங்கள். ஆறாவது வெற்றி அன்றுதான் வந்தது.